அடுப்பங்கரையில் கறுப்பு

சீரங்கத்தில், ஏழடி அகலமும் ஒன்பதடி நீளமும் உள்ள சமையற்கட்டு ஒன்றுக்குக் கறுப்பு நிறத்தில் கப்போர்டு அமைப்பது என்று முடிவு செய்தோம். முடிவு செய்ததுதான் தாமதம், அறிவுரை ஊற்றெனப் பெருக்கெடுத்தது! "கறுப்பா? அடுப்பங்கரையிலா? ஆகாதே!" என்றார் எதிர்வீட்டு முதியவர். "சனி பகவான் நிறமாயிற்றே!" என்றார் ஓர் அம்மையார். "லட்சுமி தங்கமாட்டாள்" என்றார் மூன்றாமவர். எவ்வளவு செலவாகும் என்று எவரும் கேட்டாரில்லை. வெளிச்சம் போதுமா என்று கேட்டாரில்லை. அங்கே நின்று வேலை செய்யப்போவது யார் என்று கேட்டார் ஒருவருமே இல்லை.

இவர்கள் வாழும் ஊர் எது? சீரங்கம்! இங்கே பள்ளிகொண்டிருக்கும் அரங்கநாதரின் உருவம் கல்லன்று, சுதை. அதற்குத் தைலக்காப்புச் சாத்துகிறார்கள். சாத்தச் சாத்த மேனி கருமையாகக் காட்சி தருகிறது. கார்வண்ணன் என்று உருகுகிறார்கள். அந்தக் கரிய உருவைக் காணக் கால்கடுக்க நிற்கிறார்கள். கருவறையில் மங்கலமாயிருக்கும் கறுப்பு, கால் காதம் தள்ளி ஒரு சமையற்கட்டுக்குள் வந்தவுடன் அமங்கலமாவது எங்ஙனம்? கேட்டால், "அது வேறு, இது வேறு" என்பார்கள். எப்போதுமே அவர்களுக்கு அது வேறுதான், இது வேறுதான்!

மறுபுறம், இளந்தோழர் சிலர் துள்ளிக் குதித்தனர். "கொடியின் நிறம்! ராஜகோபுரத்துக்கு எதிரே 2006இல் பெரியார் சிலை எழுந்த ஊரில், சமையற்கட்டும் கருஞ்சட்டை போட்டுக்கொள்கிறது!" என்றனர். அவர்கள் அன்பு பெரிது. ஆனால் அந்தக் காரணத்தையும் நாம் ஏற்கவில்லை. திராவிடர் கழகக் கொடியில் கறுப்பு அழகுக்காக வைக்கப்பட்டதன்று. நம் மக்கள்மீது சுமத்தப்பட்ட இழிவின் அடையாளம் அது. நடுவிலுள்ள சிவப்பு வட்டமே அந்த இழிவை நீக்கும் முயற்சியின் அடையாளம்.

அந்தப் பொருளில் பார்த்தால், தமிழ்நாட்டுச் சமையற்கட்டு என்றைக்குமே கறுப்பாகத்தானே இருந்தது! கூரையில் ஒட்டடைக் கரி, சுவரில் புகைக் கரி, சட்டியில் அடிக் கரி, ஊதுகுழல் பிடித்து ஊதிய பெண்ணின் நெஞ்சுக்குள்ளேயும் கரி. விறகும் வரட்டியும் கக்கிய அந்தக் கறுப்பை எந்தச் சாத்திரியும் ஆகாது என்று தடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. எரிவாயு வந்து, புகை போய், ஒரு பெண் தானாக விரும்பிக் கறுப்பு வேண்டும் என்று கேட்கும்போதுதான் ஆகாது என்கிறார்கள்!

ஆம், கறுப்பைக் கேட்டவர் நம் துணைவியார். அவருக்கு அந்த நிறம் பிடிக்கிறது, அவ்வளவே. ஆயினும் பிடித்ததையும் ஆராய்ந்து ஏற்பதுதானே அறிவுடைமை? ஆராய்ந்தோம். வெள்ளைச் சுவர் தன்மேல் படும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும்; கறுப்புப் பலகையோ பெரும்பகுதியை விழுங்கிவிடும். சிறிய அறையை நாற்புறமும் கறுப்பாக்கினால் பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டிவரும். ஆகவே கறுப்பு மேடைக்குக் கீழேதான் என்று வரையறுத்தோம். மேலே வெள்ளை ஓடு, திறந்த தட்டு இரண்டு, தட்டின் அடியில் விளக்கு. முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் நறுக்கும் கையின்மேல் நம் நிழலே விழும் என்பது, நறுக்கிப் பார்த்தவர்க்குத் தெரியும்.

திருச்சிராப்பள்ளி வெயில் 40 பாகையைத் தாண்டும் வெயில், கறுப்பு வெப்பத்தை வாரிக் குடிக்காதா என்று கேட்கலாம். நேர்வெயில் விழும் இடத்தில் குடிக்கும். மேற்குச் சன்னலுக்குத் தட்டி போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. பளபளக்கும் லேமினேட்டில் விரல் ரேகை விரல் ரேகையாகத் தெரியும்; பளபளப்பற்றதே மேல். தொட்டிக்கு அடியில் மட்டும் சிக்கனம் பார்க்காமல் நீர் தாங்கும் பிளைவுட் வேண்டும். மலிவான மரத்தூள் பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும். மேடைக்குக் கடப்பாக்கல். அதுவும் கறுப்புத்தான்! அம்மி, ஆட்டுக்கல், தோசைக்கல் எல்லாம் கருமையே. அவற்றைக் கண்டு லட்சுமி ஓடியதாகச் செய்தி இல்லை. வாஸ்து சொல்லவந்தவரை வாசலிலேயே வழியனுப்பினோம். அவர் கதை இங்கு வேண்டாம்.

நிறத்தைப் பற்றி ஊரே பேசியது. பேசாத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறோம். உறையூரிலிருந்து வந்த தச்சர், நல்ல வேலைக்காரர், அளவுக்கோலை எடுத்ததும், "அம்மா, இப்படி வந்து நில்லுங்க" என்று துணைவியாரை அழைத்தார். அவர் முழங்கை உயரத்தைக் குறித்துக்கொண்டார். நாமும் போய் நின்றோம். "உங்க உயரம் எதுக்குங்க, ஐயா?" என்றார். அவர்மீது குற்றமில்லை. நூறு வீட்டில் அடுப்பு மேடை கட்டியவர். நூறு வீட்டிலும் எந்த ஆணும் போய் நின்றதில்லை!

1926இல் செர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சமையற்கட்டை வகுத்தார். அகலம் ஏறத்தாழ ஆறேகால் அடி, நீளம் பதினோரடி, நம்முடையதைவிடச் சற்றே பெரிது. இரயில் வண்டியின் சமையலறையைப் பார்த்து, பெண்ணின் ஒவ்வோர் அடியையும் எண்ணி, வீண் நடையைக் குறைத்தார். மாவுப் பெட்டியைப் பூச்சி அண்டாதென ஓக் மரத்தில் செய்தார். ஈ அண்டாது என்று கருதி நீலப் பச்சை பூசினார். நிறத்துக்குக் காரணம் கேட்டாரே, அதுவல்லவா அறிவு! ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது இடம்பெற்றது. இட்லர் ஆட்சியை எதிர்த்ததற்காக 1941இல் சிறைப்பட்ட வீராங்கனை அவர். ஆனாலும் அந்தச் சமையற்கட்டில் ஒருவர் நின்றால் இன்னொருவர்க்கு இடமில்லை. வேலை சுருங்கியது, வேலைக்காரி மாறவில்லை.

இங்கே மட்டும் மாறிவிட்டதா? இந்திய அரசின் 2024ஆம் ஆண்டு நேரக் கணக்கெடுப்பு கூறுகிறது: வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம் செலவிடுகிறாள், அவ்வேலையில் கைவைக்கும் ஆண், 88 நிமிடம். கைவைக்காத ஆண் இந்தச் சராசரியில் சேரவே இல்லை!

தச்சரிடம் சொன்னோம்: மேடை ஒன்று, உயரம் இரண்டு. அடுப்பு நிற்கும் பகுதி, ஐந்தடி உயரமுள்ள துணைவியாருக்கேற்ப 32 அங்குலம். அடுப்பும் பாத்திரமும் ஏறிவிடுவதால் நமக்கும் குனியத் தேவையில்லை. தொட்டியும் நறுக்கும் இடமும் 36 அங்குலம். அது நம் முழங்கைக்கு உரியது. நறுக்குவதும் கழுவுவதும் யார் பொறுப்பு என்பது கல்லிலேயே எழுதப்பட்டுவிட்டது. "பார்வைக்கு ஒரே மட்டமா இருந்தாத்தானே, ஐயா, அழகு?" என்று தயங்கினார் தச்சர். கடப்பாக்கல்லை இரண்டு துண்டாக அறுக்கக் கூலி சற்று அதிகம் கேட்டார், கொடுத்தோம்.

கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவிலிருந்த சுவரை இடுப்பளவுக்கு இடித்தோம். இந்த ஊர்ப் பழைய வீடுகளில் திண்ணை, ரேழி, கூடம் எல்லாம் கடந்து கடைசியில் ஒளிந்திருக்கும் அடுப்பு. மடி, தீட்டு, பிறர் கண் பட்டால் தோஷம்! சோற்றை மறைத்த அந்தச் சுவர்தான் வெளியே உணவு விடுதிப் பலகையாகவும் நின்றது. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் 'பிராமணாள்', 'இதராள்' பிரிவு 1941இல் ஒழிந்தது. ஆயினும் 2012இல் இதே சீரங்கத்தில் ஓர் உணவு விடுதிப் பலகையில் 'பிராமணாள்' முளைத்தது, கழகத்தார் போராட வேண்டியதாயிற்று. சுவர் இடிந்தபின் கூடத்தில் அமர்ந்திருப்பவர் பார்வையில் நாம் பாத்திரம் கழுவுவது படுகிறது. எதிர்வீட்டு முதியவர் ஒருநாள் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பைப் பற்றி அன்று அவர் பேசவில்லை.

கறுப்புக் கதவில் ஒரு குறை உண்டு. தோசைமாவு சிந்தினால் வெள்ளை வெளேரென்று காட்டிக்கொடுக்கும். ஆழ்துளைக் கிணற்று நீர் தெறித்தால் உப்புத் திட்டு படியும். அன்றாடம் துடைக்க வேண்டும். துடைக்கும் துணி 36 அங்குலப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது.