வெளியேற்றப்பட்ட பிள்ளை

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஓட்டல்களிலும் வெடித்த குண்டுகள் 260க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் மாண்டவர்களில் பலர் சிறு பிள்ளைகள். அக்கொலைக் குழுவின் தலைவன் காத்தான்குடியைச் சேர்ந்த ஸஹ்ரான் ஹாஷிம். நம் மொழி பேசியவன். நம் வேதத்தை மனனம் செய்தவன். இந்த உண்மை அன்றிலிருந்து என் நெஞ்சை உறுத்துகிறது.

ஏழைக் குடும்பம், நெருக்கடியான சிறு வீடு. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். அப்போது ஸஹ்ரான் குழந்தை. அச்சம் படிந்த அவ்வூரில் வளர்ந்து, 12 வயதில் அரபுக் கல்லூரியில் சேர்ந்தான். அவனது நினைவாற்றலைக் கண்டு வியந்தனர். ஆனால் ஆசிரியர்களோடு ஓயாமல் வாதிட்டு, ஓதி முடிக்குமுன்பே 2005இல் வெளியேற்றப்பட்டான். பின்னர் தானே மேடை அமைத்தான். தன்னைத் திருத்த எவருக்கும் உரிமையில்லாத மேடை.

இந்த இளமை அவன் குற்றத்தைக் குறைக்குமா? ஒருபோதும் குறைக்காது. அதே வறுமையையும் துயரத்தையும் கண்ட ஆயிரக்கணக்கானோர் அவ்வூரில் கண்ணியமாக வாழ்கின்றனர். அவனைப் பற்றி அதிகாரிகளிடம் முன்கூட்டியே முறையிட்டவர்களும் அவ்வூர் முஸ்லிம்களே.

நம் நபி (ஸல்) அவர்கள் பிறக்குமுன்பே தந்தையை இழந்தார்கள். ஆறு வயதில் தாயையும், எட்டு வயதில் பாட்டனாரையும் இழந்தார்கள். அந்த யத்தீமை அபூதாலிப் அணைத்து வளர்த்தார். இழப்பின் வலி அவர்களை அநாதைகளின் காவலராக்கிற்று. ஆகவே, காயம் எவரையும் கொலைகாரராக்குவதில்லை. ஆனால் காயத்தோடும் கர்வத்தோடும் தனித்து விடப்பட்டவன், தன்னைப் புகழும் கூட்டத்தையே தேடுவான்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த எங்கள் லால்பேட்டையில் வெளியூர்ப் பிள்ளைகள் பலர் தங்கி ஓதுகின்றனர். ஊருக்குத் திரும்பும் பிள்ளையிடம், "எத்தனை ஜுஸ்வு மனனமாயிற்று?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். அவன் யாரோடு பேசுகிறான், எதற்கு அஞ்சுகிறான், தான் சொன்னது தவறென்று ஒப்புக்கொள்ளக் கற்றானா என்று கேட்பது அரிது. ஒழுங்கு மீறிய மாணவனை ஒரு மத்ரஸா நீக்க நேரலாம். ஆனால் அவனை ஜமாஅத்தும் நீக்கிவிடலாகாது. மறுநாள் அவன் வீட்டுக் கதவைத் தட்ட ஒரு பெரியவராவது வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குக் கல்வியோடு பணிவையும், நமக்குப் பொறுமையையும் அல்லாஹ் அருள்வானாக.