இலையின் காவலும் தோலின் கதவும்

மரம் வெயிலுக்கு அஞ்சி இடம்பெயர்வதில்லை. விதை விழுந்த இடத்திலேயே நின்று, உச்சி வெயிலை உணவாக்கி வாழ்வது அதன் விதி. ஆயின் உணவாகும் அதே ஒளி அளவு மீறும்போது, இலையின் பச்சையவுருமணிகளில் தாக்கம் மிக்க ஒட்சிசன் மூலிகங்களைப் பிறப்பிக்கின்றது. எதிர்ப்படும் மூலக்கூறிலிருந்து இலத்திரனைப் பறித்து அதனைச் சிதைப்பது இம்மூலிகங்களின் இயல்பு. இதனை அறிந்தாற்போல் இலையும் காவல் வைத்திருக்கின்றது. மென்சவ்வுகளில் விற்றமின் ஈயும் கரற்றினோயிட்டுகளும், நீர்ப்பகுதியில் விற்றமின் சியும் நின்று, தம் இலத்திரனைத் தாமே ஈந்து மூலிகங்களை அடக்குகின்றன. ஒட்சியேற்ற எதிரிகள் எனப்படுவன இவையே.

மனிதத் தோலிலும் ஊதாக்கடந்த கதிர் இத்தகைய மூலிகங்களை எழுப்புகின்றது. வெயிற்காப்புப் பூச்சு கதிரை மேற்பரப்பிலேயே தடுக்க முயல்வது. ஆயினும் எந்தப் பூச்சும் முற்றாகத் தடுப்பதில்லை. ஆய்வுகூடத்தில் சதுர சென்ரிமீற்றருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதிக்கப்படும் பொருளை, வாங்கியவர் பெரும்பாலும் அதனிலும் குறைவாகவே பூசுகின்றார். தப்பிச் செல்லும் கதிரின் விளைவை உள்ளே சந்திக்கவெனத் தேயிலை, திராட்சை விதை, அரிசித் தவிடு முதலியவற்றின் சாறுகள் பூச்சுகளிற் சேர்க்கப்படுகின்றன. இலைக்கு உதவியது தோலுக்கும் உதவும் என்ற எண்ணம் பிழையானதன்று. அதில் ஒரு படி விடுபட்டிருக்கின்றது. இலை தன் காவலை உள்ளேயே ஆக்கிக்கொள்கின்றது. தோலுக்கோ அது வெளியிலிருந்து வந்து சேரவேண்டும்.

வரும் வழியிலே கதவு ஒன்று உண்டு. மேற்றோலின் புறத்தே, உடலின் பெரும்பகுதியில் ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீற்றர் தடிப்பில், இறந்த கலங்கள் செங்கற்போல் அடுக்கப்பட்டுள்ளன. அவற்றிடையே செரமைட்டு, கொலஸ்தரோல், கொழுப்பமிலங்கள் ஆகியன சாந்துபோல் நிரம்பியுள்ளன. தாளினும் மெல்லிய இப்படையே உடலின் நீரை உள்ளேயும் உலகின் நஞ்சை வெளியேயும் நிறுத்துகின்றது. மூலக்கூற்றுத் திணிவு 500 தாற்றனுக்கு மேற்பட்ட பொருள் இதனை எளிதிற் கடவாது என 2000ஆம் ஆண்டில் பொஸ், மைனார்டி ஆகிய இருவரும் எடுத்துக்காட்டினர். விற்றமின் சியின் திணிவு 176 மட்டுமே. எனினும் அது நீரை நாடுவது. சாதாரண கரைசலில் ஏற்றம் பெற்ற அயனாக நிற்பது. கொழுப்புச் சாந்து அதனை ஏற்பதில்லை.

இச்சிக்கலைப் பொறுமையோடு அவிழ்த்தவர்கள் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் செல்டன் பின்னெல் என்பாரின் குழுவினர். கரைசலின் பீ.எச். பெறுமானம் 3.5இற்குக் கீழிருந்தால் விற்றமின் சி ஏற்றமிழந்து பன்றித் தோலினுட் புகும் என்றும், 20 வீதத்துக்கு மேற் செறிவைக் கூட்டுவதாற் பயனில்லை என்றும் 2001இல் அவர்கள் வெளியிட்டனர். புகுந்த விற்றமினின் அரைவாழ்வு ஏறத்தாழ நான்கு நாட்கள். அடுத்த தொல்லை, போத்தலிலேயே அது பழுதடைவது. 15 வீத விற்றமின் சி, 1 வீத விற்றமின் ஈ ஆகியவற்றோடு, தாவரக் கலச்சுவர்களில் உள்ள பெரூலிக் அமிலம் அரை வீதம் சேர்க்கப்பட்டபோது கலவை உறுதிபெற்றது. பன்றித் தோலில் நான்கு மடங்காயிருந்த பாதுகாப்பு ஏறக்குறைய எட்டு மடங்காயிற்று. இது 2005இல் வெளியான முடிவு. இத்தகைய பூச்சுகளை விற்ற நிறுவனமொன்றோடு பின்னெலுக்கு நெருங்கிய தொடர்பிருந்தது என்பதையும் வாசிப்போர் மனங்கொள்ளல் தகும். ஆயினும் கதவின் இயல்பைக் கண்டு அதற்கேற்பத் திறவுகோல் செய்த ஆய்வு அது. 'தாவரச் சாறு சேர்ந்தது' என்று மட்டும் கூறும் பெட்டிகளோ அச்சாறு எவ்வளவு, தோலினுள் எவ்வளவு என்பவற்றைப் பெரும்பாலும் கூறுவதில்லை.

வேடிக்கை யாதெனின், மேலே நிற்கவேண்டிய பொருள்கள் சில உள்ளே போய்விடுகின்றன. 24 பேர் உடலின் முக்காற்பகுதியில், நாளொன்றுக்கு நான்கு முறையாக நான்கு நாட்கள் வெயிற்காப்புப் பூச்சுகளைப் பூசினர். ஒக்சிபென்சோன் உள்ளிட்ட கதிர்வடிகள் முதல் நாளிலேயே அவர்களின் குருதியில் மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராமைத் தாண்டின என, அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் ஆய்வு 2019இல் அறிவித்தது. அந்த அளவு தீங்கின் எல்லையன்று. மேலதிகச் சோதனை வேண்டும் என்பதற்கான எல்லை. பூச்சைக் கைவிடுமாறு அந்நிருவாகம் கூறவுமில்லை.

துணையெதுவும் வேண்டாது கதவைக் கடக்கும் தாவரப் பொருளும் உண்டு. சித்த மருத்துவத்தில் வெண்படைக்கு வழங்கும் கார்போகரிசியிலுள்ள சோரலென் 186 தாற்றனே, கொழுப்பிற் கரைவது. உள்ளே சென்று டீ.என்.ஏ. இழைகளின் இடையே அமர்ந்துகொள்ளும் அது, ஊதாக்கடந்த கதிர் பட்டதும் அவற்றோடு பிணைந்துவிடும். வெயிலைத் தணிப்பதற்கு மாறாக அதன் தாக்கத்தைப் பன்மடங்காக்குவது இப்பொருள். இதே குடும்பத்துப் பொருள்கள் தேசிக்காயிலும் உள்ளன. அதன் சாறு பட்ட கையோடு வெயிலில் நின்றவருக்கு ஓரிரு நாளிற் கொப்புளம் எழுவது இதனாலேயே.