எந்த ஊர் நம் ஊர்?

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் சென்ற மாதம் குழந்தைகளைக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். தலைப்பு, 'எங்கள் ஊர்'. பத்து வயது நிரம்பிய நம் மகள் தன் குறிப்பேட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். வாழும் ஊராகிய கரக்பூரைப் பற்றி எழுதியிருப்பாள், அல்லது மன்னார்குடிக்கு அருகிலுள்ள நம் பூர்விகச் சிற்றூரைப் பற்றி எழுதியிருப்பாள் என்று எண்ணிப் பிரித்தோம். "எங்கள் ஊர் புரி. அங்கே கடல் இருக்கிறது. அங்கே எங்களை எல்லோருக்கும் தெரியும்" என்று தொடங்கியிருந்தது கட்டுரை.

திருத்துவதற்காகப் பேனாவை எடுத்தோம். "புரி நாம் விடுமுறைக்குப் போகும் ஊரம்மா, நம் ஊர் அன்று" என்று சொல்லவும் வாய் திறந்தோம். சொல் எழவில்லை. "அப்படியானால் நம் ஊர் எது?" என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டால் என்ன விடை கூறுவது?

கரக்பூரில் நாம் குடியிருப்பது இரயில்வே குவார்ட்டர்ஸ். கொல்லையில் வைத்த முருங்கை நம்முடையது; வீடு நம்முடையதன்று. ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டியதுதான். பூர்விக ஊருக்குப் போவதென்றால் சென்னையில் வண்டி மாறி, இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்ய வேண்டும். பாஸ் கையில் இருந்தாலும் லீவு கையில் இருப்பதில்லை. புரியோ இரவில் ஏறினால் விடியற்காலையில் வந்துவிடும் ஊர். 1897ஆம் ஆண்டிலேயே இரயில் பாதை எட்டிவிட்ட அவ்வூருக்குச் செல்வது, கரக்பூர் இரயில்வேக் குடும்பங்களுக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போய்வருவது போன்றது.

அவ்வழக்கத்தை நம் குடும்பத்தில் தொடங்கி வைத்தவர் நம் தந்தையார். ஒவ்வொரு டிசம்பரிலும் எங்களை அழைத்துச் செல்வார். கடற்கரையில் நின்றுகொண்டு, "ரிடையர் ஆனதும் ஊருக்குப் போய்விடுவோம். புறக்கடையில் தென்னை வைத்திருக்கிறேன்" என்று ஆண்டுதோறும் தவறாமல் சொல்வார். 2008ஆம் ஆண்டில், பணியில் இருக்கும்போதே அவர் காலமானார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்திருந்த நமக்குக் கருணை அடிப்படையில் எழுத்தர் வேலை கிடைத்தது. அவருடைய அஸ்தியை வேதாரண்யம் கொண்டுசெல்லக் கையில் பொருளும் இல்லை, நாளும் இல்லை. புரிக் கடலிலேயே கரைத்தோம். தென்னை மன்னார்குடிப் பக்கம் நிற்க, தந்தையார் புரியில் தங்கிவிட்டார்.

அந்தக் கடற்கரையில் நீராடுவோருக்குத் துணை நிற்பவர்கள் நுலியா மீனவர்கள். கூம்பு போன்ற தொப்பி அணிந்து, நம் கையைப் பற்றி அலைக்குள் அழைத்துச் செல்வார்கள். தெலுங்கு பேசுபவர்கள், ஆந்திரக் கடற்கரையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் பிழைப்புத் தேடி வந்தவர்களின் வழியினர். நம்மைப் போன்றவர்களே அவர்களும். ஆனால் அவர்கள் வந்த ஊரிலேயே வேர்விட்டுவிட்டார்கள். பெரிய அலை வருகையில் எதிர்த்து நிற்காமல் குனிந்துகொள்ள வேண்டும் என்று சிறு வயதில் நமக்குக் கற்பித்தவர் அவர்களுள் ஒரு பெரியவர். அவருடைய மனைவி கரையில் தேநீர் விற்பார். கரக்பூரில் வளர்ந்த நமக்குத் தெலுங்கு தாய்மொழிக்கு அடுத்த மொழி. ஆகவே அந்த அம்மாள் நம்மை ஒருபோதும் வெளியூரார் என்று எண்ணியதில்லை. நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அந்த எண்ணத்தின் உறுதியைச் சோதிக்க இரண்டு புயல்கள் வந்தன.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிக் காவிரிக் கழிமுகத்தைச் சூறையாடியது. அன்றிரவு நாம் உறங்கவில்லை. ஊரில் இருக்கும் அத்தைக்கு எத்தனை முறை தொலைபேசியில் முயன்றோம் என்பதற்குக் கணக்கில்லை. மூன்றாம் நாள்தான் அவர் குரல் கேட்டது. தந்தையார் வைத்த தென்னைகள் எட்டும் சாய்ந்துவிட்டன என்றார். நாம் அழுதோம்.

அடுத்த ஆறு திங்களுக்குள், 2019 மே 3ஆம் நாள், பானி புயல் புரியின் அருகே கரை கடந்தது. ஒடிசாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு அப்புறப்படுத்தியிருந்தார்கள். சவுக்குத் தோப்புகள் முறிந்தன. புரி இரயில் நிலையமும் சேதமுற்றது. அப்பொழுது நாம் செய்தது யாது? இதை எழுதவே கூசுகிறது. டிசம்பருக்குள் விடுதிகள் சீராகுமா என்று விசாரித்தோம். ஆகாது என்று பட்டதும், அவ்வாண்டு விடுமுறைக்குத் திகா கடற்கரைக்குப் போய்வந்தோம். அதன் பின் பெருந்தொற்று வந்து வழியை அடைத்தது.

2022 டிசம்பரில்தான் மீண்டும் புரிக்குச் சென்றோம். தேநீர்க்கார அம்மாள் நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேநீர் கேட்டோம்; தரவில்லை. பிறகு, "பிழைத்தோமா செத்தோமா என்று ஒரு வார்த்தை கேட்டாயா, பாபு? ஒரு தொலைபேசி எண்ணாவது வாங்கி வைத்துக்கொண்டாயா? உன் கையைப் பிடித்து அலையில் இறக்கியவர் போய் ஓராண்டு ஆகிறது" என்றார். வருவோர் போவோரெல்லாம் பார்க்க, கால் மணி நேரம் ஏசினார். தலை கவிழ்ந்து நின்றோம். ஏசி முடித்தபின் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

புரியின் ஜகந்நாதர் ஆனி, ஆடி மாதங்களை ஒட்டி ஆண்டுதோறும் தேரேறி, அண்ணன் பலபத்திரரோடும் தங்கை சுபத்திரையோடும், ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குண்டிசா ஆலயத்துக்குச் செல்வது அன்பர்கள் அறிந்ததே. சித்தி வீட்டுக்கு விருந்தாடச் செல்கிறார் என்பது அவ்வூர் மக்களின் வழக்கு. அங்கே சில நாள் உபசாரங்களை ஏற்றுவிட்டுத் திரும்பி வந்தால், தன்னை விட்டுவிட்டுப் போனதற்காக இலக்குமி கதவைச் சாத்திவிடுகிறாளாம்! ரசகுல்லா கொடுத்துச் சமாதானம் செய்த பின்னரே அவர் உள்ளே போக முடிகிறது. இக்கதையை இளமையில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அன்றிரவு விடுமுறை இல்லத்தில் படுத்திருக்கையில்தான் அதன் பொருள் விளங்கிற்று. விருந்துக்குப் போன இடத்தில் எவரும் நம்மைக் கோபிப்பதில்லை. கதவைச் சாத்த உரிமை உள்ளவர் எங்கே இருக்கிறாரோ, அதுவே வீடு.

அப்படியானால் புரி நமக்கு வீடுதானா? முழு வீடு என்று சொல்வதற்கில்லை. அங்கே நாம் கிணறு இறைத்ததில்லை, வரி கட்டியதில்லை, பிணி கண்டு படுத்ததில்லை. நல்ல நாட்களை மட்டும் அங்கே செலவிட்டு, அல்லாத நாட்களைக் கரக்பூருக்குக் கொண்டுவந்துவிடுகிறோம். ஆயினும் அங்கே நம்மீது உரிமை கொண்டாட ஒருவர் இருந்தார். அவருடைய துயரத்தில் பங்கு கொள்ளாது போனதால் நாம்தான் விருந்தாளியாக நின்றுவிட்டோம். ஓர் ஊர் நம் ஊராவது அதன் காற்றாலும் கடலாலும் மட்டும் அன்று. நாம் அதற்குச் செய்யும் கடமையாலும்தான்.

இதனினும் பெரிய வேதனை ஒன்று அவ்விரவில் நம்மைத் தைத்தது. பூர்விக ஊரில் நம் அத்தை நம்மை ஏசி எத்தனை ஆண்டுகள் ஆயின! போனவுடன் நாற்காலி போடுகிறார். "எத்தனை நாள் லீவு?" என்று கேட்கிறார். தலைவாழை இலை விரித்து அப்பளம் பொரிக்கிறார். அண்டை வீட்டாரிடம், "அவங்க கரக்பூர்க்காரங்க" என்று அறிமுகம் செய்கிறார். நம் ஊர் என்று மார்தட்டிக்கொள்ளும் ஊர், நாமறியாமலே விடுமுறை ஊராகிவிட்டது. அத்தை மீது பிழை இல்லை. புயலன்று மட்டும் அழைக்கும் மருமகனிடம் எந்த உரிமையில் அவர் கோபம் கொள்வார்?

புரியிலிருந்து திரும்பிய வாரமே ஒரு வழக்கம் மேற்கொண்டோம். ஞாயிறு மாலைதோறும் அத்தையோடும், மாதம் ஒருமுறை தேநீர்க்கார அம்மாளோடும் தொலைபேசியில் பேசுவது. தொடக்கத்தில் அத்தை, "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பையப் பைய மாட்டைப் பற்றியும், மூட்டு வலியைப் பற்றியும், வாய்க்காலில் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசலானார். சாய்ந்த தென்னைகளின் இடத்தில் நான்கு கன்றுகள் வைக்கப் பணம் அனுப்பினோம். சென்ற சித்திரையில் அலுவலக வேலை மிகுந்து இரண்டு ஞாயிறு தவறிவிட்டது. மூன்றாம் ஞாயிறு அழைத்தபோது, "ஏண்டா, உனக்கு அத்தைன்னு ஒருத்தி இருக்கிறது மறந்துபோச்சா? கன்னுக்குத் தண்ணி யாரு ஊத்துவா, உங்கப்பனா வருவான்?" என்று பொரிந்து தள்ளினார். அந்த ஏச்சைக் கேட்டபோது நமக்கு உண்டான மகிழ்ச்சியை என்னென்று சொல்வது!

மகளின் கட்டுரையை நாம் திருத்தவில்லை. "அத்தைப் பாட்டி ஊரையும் சேர்த்துக்கொள், ஒருவருக்கு இரண்டு ஊர் இருக்கலாம்" என்று மட்டும் சொன்னோம். அவள் சற்று யோசித்துவிட்டு, "அங்கே என்னை யாரும் திட்டினதே இல்லையே, அப்பா" என்றாள்.

வருகிற கோடையில் அவளை அங்கே கொண்டுபோய் ஒரு மாதம் விட்டு வர எண்ணியிருக்கிறோம்.