கோன்களுக்கு நடுவே

பிப்ரவரி 11

எழுதி வைக்காவிட்டால் நினைவு வேறு மாதிரி ஆகிவிடும். எம்-14 நெடுஞ்சாலை, ஆன் ஆர்பர் பக்கத்துப் பாலம். சாலை காய்ந்துதான் கிடந்தது; பாலத்தின் மேல் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம். வண்டி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, ஓரத் தடுப்பில் இடித்து நின்றது. மகன் பின்சீட்டில் இருந்தான். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று எல்லாரும் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கோ அந்த இரும்புத் தடுப்புதான் கண்ணில் நிற்கிறது. சுற்றி முடியும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20

ஆபீசுக்கு ஊர்ச்சாலை வழியாகவே போகிறேன். இரண்டு மடங்கு நேரம்.

மார்ச் 15

"விதி, விடு" என்கிறார் இவர், என் கணவர். விட முடியவில்லை. தரைமேல் போகும் சாலைக்கு அடியில் மண்ணின் சூடு இருக்கிறது. பாலத்துக்கு மேலேயும் கீழேயும் குளிர்காற்று. அதனால்தான் பாலம் முதலில் உறைகிறது. இது விதியில்லை, காரணம்.

லைசென்ஸ் வாங்கியபோது பார்க்கிங் கற்றுக்கொடுத்தார்கள். வண்டி வழுக்கினால் எப்படி இருக்கும் என்று யாரும் காட்டவில்லை. ஆபீசில் ஒருவர் ஆட்டோகிராஸுக்கு வரச் சொல்கிறார். காலி மைதானத்தில் கோன் வைத்துப் பாதை போடுவார்களாம். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஓட்டுவது, போட்டி கடிகாரத்தோடு. வீட்டு வண்டியே போதுமாம்.

ஏப்ரல் 27

போனேன்.

முதலில் வண்டிச் சோதனை. சக்கர நட்டு, பேட்டரிக் கட்டு, பிரேக் பெடல் எல்லாம் பார்த்தார்கள். உள்ளே உருளக்கூடியது எதுவும் இருக்கக்கூடாது என்றதால் குடை, கால்மிதி, மகனின் தண்ணீர் பாட்டில், டாஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாம் ஒரு பைக்குள் போய் மைதான ஓரத்தில் உட்கார்ந்தன. இரவல் ஹெல்மெட். பிறகு பாதை முழுவதையும் நடந்தே பார்த்தோம். நடக்கும்போது தெளிவாக இருந்த பாதை, ஓட்டும்போது வெறும் ஆரஞ்சுக் காடாகிவிட்டது.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், பயிற்சியாளர். "பிரேக்கை ஓங்கி மிதிங்க" என்றார். மிதித்தேன். "இன்னும்!" பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதறியது. ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுக்கப் போனேன். "எடுக்காதீங்க. அது ஏபிஎஸ். வேலை செய்யுது." இத்தனை வருஷம் காருக்குள்ளேயே இருந்த ஒன்றை இன்றுதான் காலால் தொட்டேன்.

டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போல ஒரு அளவோடுதான் வருகிறது. பிரேக்குக்குக் கொடுத்தது போக மிச்சம்தான் திருப்பத்துக்கு. வளைவில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே திருப்பினால், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பினாலும் வண்டி நேரே போகிறது. ஈர மைதானத்தில் அதை வேண்டுமென்றே செய்து காட்டச் சொன்னார். வழுக்கியது. அந்தப் பாலத்தில் வந்த அதே வயிற்றுக் கலக்கம். ஆனால் இங்கே இடிக்க ஒன்றுமில்லை. இன்னொரு தரம் செய்யலாமா என்று கேட்டேன்.

மே 4

அப்பா போனில். நாமக்கல் லாரியில் ஆயுசைக் கழித்தவர். ரேஸ் என்றதும் திட்டுவார் என்று நினைத்தேன். "காத்து எவ்வளவு வைக்கிற? சூட்டுல ஏறுமே, பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 8

ஓட்டாத நேரத்தில் மைதானத்தில் நின்று வேலை பார்க்க வேண்டும். விழுந்த கோனை ஓடிப் போய் நிமிர்த்தி, சுண்ணாம்புக் கட்டத்துக்குள் வைப்பது என் பொறுப்பு. ஆட்டோகிராஸ் நடத்தும் எஸ்.சி.சி.ஏ. அமைப்பின் விதிப்படி ஒரு கோன் சாய்ந்தால் இரண்டு விநாடி கூடும். நகர்ந்தாலும் நிமிர்ந்து நின்று கட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் தண்டனை இல்லை. குனிந்து அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வெயில் சுட்டெரித்தது. செய்ய ஒன்றுமில்லாத நேரத்தில் ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகமானவர்கள் யாருக்கும் முகம் நேராக இல்லை. என் எதிரே உள்ள கோனைச் சுற்றும்போதே பக்க ஜன்னல் வழியாக அடுத்த வளைவைப் பார்க்கிறார்கள். எதிரே உள்ள கோனைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் அதையேதான் தட்டினார்கள்.

ஜூன் 22

மழை. என் நேரம் படுமோசம். தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 3

நெடுஞ்சாலையில் லாரி டயர்த் துண்டு ஒன்று குறுக்கே கிடந்ததாம். "அம்மா, எவ்வளவு பெருசு பாத்தியா?" என்றான் மகன். பார்க்கவில்லை. அதற்கு இடதுபக்கம் இருந்த காலி இடம்தான் நினைவிருக்கிறது.

செப்டம்பர் 14

இவரோடு வாக்குவாதம். ஞாயிறெல்லாம் போகிறது, டயர் தேய்கிறது, சொல்வது நியாயம்தான். "பயம் போச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றார். பயத்துக்காக மட்டும்தான் போகிறேனா? அந்த ஒரு நிமிஷ ஓட்டத்தில் வீடு, ஆபீஸ், கடன் எதுவும் தலைக்குள் இருப்பதில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 9

முதல் பனி. ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். பனிக்கால டயர் மாட்டச் செவ்வாய்க்கிழமைதான் நேரம் கொடுத்திருக்கிறார்கள். நாளை மகனைத் தானே கொண்டுபோய் விடுவதாக இவர் சொல்கிறார். அவன் என்னோடு வருவதாகச் சொல்கிறான். இருவருக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.