தோட்டத்து வீட்டுக்கு எந்தத் தோட்டா?

2024 நவம்பர்ல பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்துல ஒரே வீட்டுல மூணு பேரைக் கொன்னாங்க. அடுத்த வருசம் சிவகிரி பக்கம் தோட்டத்துல தனியா இருந்த வயசான தம்பதி. இதுக்கப்புறம் எங்க பக்கம் பேச்சே மாறிப்போச்சுங்க. முந்தியெல்லாம் மழை, மஞ்சள் விலைன்னு பேசுவோம். இப்ப கேமரா, நாய், துப்பாக்கி.

எங்கய்யன்கிட்ட இருந்து எம் பேருக்கு மாத்துன பன்னெண்டு போர் ஒத்தைக்குழல் ஒண்ணு எங்கிட்ட இருக்கறது ஊருக்கே தெரியும். அதனால லைசென்ஸ் எடுத்தவங்க, எடுக்கப்போறவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி: "என்ன தோட்டா வாங்கறதுங்க?" கேக்கற ஆளுங்கள்ல முக்காவாசிப்பேர் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் வர்றாங்க. எஸ்ஜி. பெரிய ரவையா இருந்தா பெரிய பாதுகாப்புன்னு நெனப்பு.

நம்பர் விவரம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நம்பர் கூடக்கூட ரவை சின்னதாகும். ஆறாம் நம்பர்ல ஒரு ரவை கம்பு மணி அளவு இருக்கும். ஒரு அவுன்ஸுக்கு 270 நிக்கும். நாலாம் நம்பர்னா 170. எஸ்ஜி கொண்டக்கடலை அளவு, அவுன்ஸுக்கு எட்டே எட்டுத்தான். எல்ஜி அதைவிடப் பெருசு. ஆறாம் நம்பர் ரவை 200, 250 மீட்டருக்குள்ள வேகம் செத்து விழுந்துடும். எஸ்ஜி அரைக் கிலோமீட்டர் கூடப் போகும்.

இப்ப எங்க வீட்டைப் பாருங்க. இட்டேரிக்கு அந்தப்பக்கம், கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல இன்னொரு குடும்பம். சித்திரை, வைகாசி வந்தா அவங்க குழந்தைங்க வாசல்ல கட்டில் போட்டுத்தான் தூங்கும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல, கையும் நடுங்கிட்டு, நான் சுடற எஸ்ஜி எட்டுல ஒண்ணு குறி தப்புனா எங்க போயி நிக்கும்? வீட்டுக்குள்ளயே சுட்டாலும் பலகைக் கதவு அதுக்கு ஒரு பொருட்டே இல்லை. பக்கத்து ரூம்ல படுத்திருக்கறது நம்ம பேரப்புள்ளையாத்தான் இருக்கும்.

இன்னொண்ணு, பல பேருக்குத் தெரியாதது. குழலை விட்டு வந்த உடனே ரவை விரியறதில்லை. பத்துப் பதினஞ்சு அடியில உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்தத் தூரத்துல ஆறாம் நம்பரும் ஒரே கட்டியாத்தான் போய் அடிக்கும், ஆளைச் சாய்க்க அது போதும். வீட்டுத் தற்காப்புக்கு இதுக்கு மேல என்னத்துக்கு எஸ்ஜி?

பன்னிக்குன்னு சொல்லி எஸ்ஜி வாங்கறவங்களும் இருக்காங்க. பன்னியை நாம சுடக் கூடாதுங்க. 2025 ஜனவரியில அரசாங்கம் சொன்ன ஏற்பாட்டுலயும், காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்றதை வனத்துறைக்காரங்கதான் சுடணும். நமக்கு வேண்டியது சத்தம் மட்டும். அதுக்கு எந்த நம்பரா இருந்தா என்ன, பட்டாசே போதும். நாட்டுத் துப்பாக்கியில பால்ரஸ் போட்டுத் திரியறவங்களைப் பத்தி நான் பேசவே போறதில்லை.

எங்க மச்சான் மகன் ஒருத்தன், திருப்பூர்ல கம்பெனி வச்சிருக்கான், ரிவால்வரே வாங்கிடலாம் மாமாங்கறான். 9 எம்எம் நம்மளை மாதிரி ஆளுங்களுக்குக் கிடையாது, அது தடை செஞ்ச ரகம். கான்பூர்ல செய்யற .32 ரிவால்வர் வாங்கலாம், லைசென்ஸ் கெடைச்சா. ஆனா குழல் குட்டை. பழக்கமில்லாதவன் கையில அஞ்சு கஜத்துலயே தப்பும். பழகணும்னா ரைபிள் கிளப்புக்குப் போகணும், அங்க டப்பா டப்பாவாத் தோட்டா செலவாகும். வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டறதுக்கு எதுக்குடா அதுன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டான்.

பழகறதுக்குத் தனியா, வீட்டுக்குத் தனியான்னு ரெண்டு ரகம் வேண்டாங்கறது எம் பேச்சு. எதுல பழகறமோ அதையே வச்சுக்கணும். அப்பத்தான் தோள்ல அடிக்கற அடியும் ரவை போற போக்கும் கைக்குத் தெரிஞ்சிருக்கும். பழைய தோட்டாவைப் பழகறதுக்குத் தீத்துட்டு, புதுசை வீட்டுல வைங்க. நம்ம ஊரு ஐப்பசி ஈரத்துக்குத் தோட்டா ஊதிக்கும், பித்தளை பச்சை பூக்கும். அப்படி ஆனதைக் குழல்ல திணிக்காம கடைக்காரர்கிட்டக் காட்டுங்க. குதிரையை இழுத்தும் வெடிக்கலைன்னா உடனே குழலைத் தொறந்துடாதீங்க. ஆள் இல்லாத பக்கமாக் காட்டிக்கிட்டு ஒரு நிமிசமாவது அப்படியே நில்லுங்க. தாமதமா வெடிக்கறது உண்டு.

கோயமுத்தூர்ல கடையில நான் ஆறாம் நம்பர் பத்து கேட்டப்ப, கூட நின்ன ஒருத்தர் "காக்காய் சுடவாங்க?"ன்னாரு. லைசென்ஸ் புத்தகத்துல எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்.

ராத்திரி சாப்புடறப்ப வீட்டுக்காரம்மா கேட்டா: "எந்த நம்பரோ இருக்கட்டும். ஒரு மனுசன் மேல உங்களால சுட முடியுமா?" முடியும்னும் சொல்லலை, முடியாதுன்னும் சொல்லலை. ஓடறவன் முதுகுல சுட்டா அது தற்காப்பு ஆகாதுன்னு மட்டும் சொன்னேன். "அப்ப மொதல்ல பின்னால கதவுக்குத் தாப்பாள் மாத்துங்க"ன்னா. மறுநாளே ஆசாரியைக் கூட்டிட்டு வந்து இரும்புத் தாப்பாள் ரெண்டு போட்டாச்சு. கிணத்து மேட்டுல லைட்டும் போட்டாச்சு.

தோட்டா பத்தும் அப்படியே இருக்கு. எங்கன்னு இங்க எழுத முடியாதுல்லங்க.