அம்மம்மா கேட்ட கேள்வி

அம்மம்மாவின் காதுக்கருவி போல ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைத்தேன். இரைச்சலைக் குறைக்கும் வேலைகளில் எது மென்பொருளாக ஓடவேண்டும், எது சிப்பிலேயே தனிச் சுற்றாக அமையவேண்டும்? பத்து வேலைகள் என்றாலே 1,024 வழிகள். ஒரு நிரல் அத்தனையையும் ஒப்பிட்டு, மிக வேகமானதைத் தந்தது. பெருமையோடு அம்மம்மாவிடம் சொன்னேன்.

"பற்றரி எத்தனை நாள் நிக்கும், பிள்ளை?"

பற்றரி தீர்ந்துவிடும் என்று வீட்டில் அவர் கருவியைக் கழற்றியே வைத்திருப்பார். நாங்கள் பேசுவது கேட்காது. நானோ நிரலிடம் வேகத்தை மட்டுமே கேட்டிருந்தேன். மின்செலவுக்கு வரம்பு வைத்து மறுபடி ஓடவிட்டேன். வேறொரு வடிவம் வந்தது. கொஞ்சம் மெதுவானது, பேச்சுக்கு அது போதும்.

தம்பி தங்கைகளே, வழிகளை நிரல் தேடும். எது முக்கியம் என்பதை, கருவியைப் போடப்போகிறவரிடம் முதலில் கேளுங்கள்.