குமிழி நின்ற ராத்திரி

என் மகன் இருமினால் நான் அவன் முகத்தைப் பார்க்க மாட்டேன். கட்டிலுக்குக் கீழே இருக்கும் பாட்டிலைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு இருமலுக்கும் அதிலிருந்த தண்ணீரில் களக் களக்கென்று குமிழி கிளம்பும். அது நிற்கும் நாளுக்காக ஆஸ்பத்திரியில் 13 நாள் காத்திருந்தேன்.

எங்கள் ஊர் இரும்பை. திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டுக்குப் பக்கம். அப்போது அவனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. சளி, காய்ச்சல் என்றுதான் ஆரம்பித்தது. மெடிக்கலில் சிரப் வாங்கிக் கொடுத்து நான்கு நாளை ஓட்டினேன். அது என் தப்பு, வேறு யாரையும் சொல்லமாட்டேன். ஐந்தாம் நாள் காலையில் என் மாமியார் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்கு அடியில் குழி விழுந்தது. "ஏம்மா, புள்ளைக்கு மூச்சு வாங்குது. வண்டியை எடுக்கச் சொல்லு" என்றார்.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நிமோனியா முற்றி, நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. அன்றைக்கே விலா இடுக்கில் ஒரு டியூபைச் செருகி, அதன் மறுமுனையைப் பாட்டில் தண்ணீருக்குள் மூழ்கவிட்டார்கள். சீழ் வடிந்தது. ஊசி மருந்துகளில் காய்ச்சலும் மெல்லக் குறைந்தது. ஆனால் ஒரு வாரம் ஆகியும் குமிழி மட்டும் நிற்கவில்லை.

டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். "சைக்கிள் டியூப் பஞ்சர் ஆனா தண்ணியில முக்கிப் பார்ப்பாங்களே, அதேதாம்மா இது. கிருமி நுரையீரல்ல ஒரு இடத்தை அரிச்சு ஓட்டை போட்டிருக்கு. இழுக்கிற காத்து அந்த வழியா நெஞ்சுக்கூட்டுக்குள்ள கசியுது. டியூப் வழியா அது வெளியே போகுது. தண்ணி இருக்கிறதால வெளிக்காத்து உள்ளே போக முடியாது."

இந்தத் தண்ணீர்ப் பாட்டில் முறையை 1875லேயே ஜெர்மனியைச் சேர்ந்த பூலாவ் என்ற மருத்துவர் கையாண்டாராம். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஒருநாள் பார்க்க வந்த சொந்தக்காரர், பெருக்க இடைஞ்சலாக இருக்கிறதே என்று அதைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கப் போனார். சிஸ்டர் ஓடிவந்து தடுத்தார். பாட்டில் மேலே போனால் அதிலிருக்கும் தண்ணீர் குழந்தையின் நெஞ்சுக்குள்ளேயே திரும்பிவிடுமாம். குமிழி வரும்போது டியூபை அடைக்கவும் கூடாது. போக வழியில்லாத காற்று உள்ளேயே சேர்ந்து நுரையீரலை நசுக்கிவிடும்.

"ஆபரேஷன் பண்ணி ஓட்டையை அடைச்சிடுங்க டாக்டர், சீக்கிரம் முடியட்டும்" என்றார் என் கணவர். அதற்கு முன்னால் வேறு வழிகள் இருக்கின்றன என்றார் டாக்டரம்மா. பெரியவர்களுக்கு மூச்சுக்குழாய் வழியாகக் கேமரா டியூபை விட்டு, கசியும் பகுதிக்குப் போகும் கிளையில் சின்ன வால்வு வைப்பார்கள். குழந்தைகளின் குழாய் குறுகல் என்பதால் அது எல்லோருக்கும் சரிப்படாது. சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வைத்துச் செய்யும் ஆபரேஷனும் உண்டு. "அதுக்கு முன்னால ஒண்ணு பண்ணிப் பார்ப்போம். இவனோட ரத்தத்தாலேயே ஒட்டுப் போடுவோம்" என்றார்.

நான் நம்பவில்லை. அத்தை உடனே நம்பிவிட்டார். எங்கள் ஊர் மாகாளேஸ்வரர் கோயிலில் லிங்கம் மூன்றாகப் பிளந்தது. கடுவெளிச் சித்தர் கோபத்தில் பாடியதால் வெடித்தது என்பார்கள். அதைச் செப்புத் தகட்டால் இணைத்திருக்கிறார்கள். "உடைஞ்ச லிங்கமே ஒட்டி நிக்குது. பச்சப்புள்ள உடம்பு ஒட்டாதா?" என்றார்.

காய்ச்சல் முழுதாக அடங்கும்வரை பொறுத்திருந்து, 11ஆம் நாள் செய்தார்கள். கையிலிருந்து 20 மில்லி ரத்தம் எடுத்து, உறைவதற்குள் டியூப் வழியாகவே நெஞ்சுக்குள் செலுத்தினார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. எப்போதும் தாழ்வாகத் தொங்கும் டியூபை அன்றைக்கு மட்டும் குளுக்கோஸ் ஸ்டாண்டில் உயரமாக வளைத்துக் கட்டினார்கள். ரத்தம் உள்ளேயே தங்கும், காற்று மட்டும் வெளியேறும். உள்ளே ரத்தம் உறைந்து ஓட்டையை அடைக்கும். நுரையீரலின் மேலுறையும் நெஞ்சுச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். 1987இல் கனடா மருத்துவ இதழில் வெளியான முறை இது. காய்ச்சல் திரும்பலாம், ரத்தம் உறைந்து டியூபே அடைபடலாம் என்பதால் சிஸ்டர்கள் பக்கத்திலேயே நின்றார்கள்.

மறுநாள் குமிழி குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. 13ஆம் நாள் இன்னொரு தடவை செய்தார்கள். அன்று ராத்திரி அவன் தூக்கத்தில் இருமினான். பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் டியூபுக்குள் ஏறி இறங்கியது. குமிழி வரவில்லை. இன்னொரு தடவை இருமமாட்டானா என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். எக்ஸ்ரேயில் நுரையீரல் விரிந்திருப்பதைப் பார்த்த பிறகு, 16ஆம் நாள் டியூபை எடுத்தார்கள்.

பக்கத்துக் கட்டில் குழந்தைக்கும் இதே ஒட்டுதான் போட்டார்கள். அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆபரேஷன்தான் செய்ய வேண்டியிருந்தது. அவளும் நல்லபடியாக வீடு திரும்பினாள். ஆனாலும், ஒரே வைத்தியம் எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை.

நான் சொல்வது வேறு. சளி பிடித்த குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவைத் தொட்டாலோ, விலாவுக்கு அடியில் குழி விழுந்தாலோ காத்திருக்கக் கூடாது. நிமோகாக்கஸ் தடுப்பூசியைத் தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் அரசே இலவசமாகப் போடுகிறது. 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என மூன்று தவணை. எல்லாக் கிருமிக்கும் அது காவல் இல்லை என்றாலும் தவறவிடாதீர்கள்.

இப்போது அவன் முந்திரித் தோப்பில் ஓடுகிறான். விலாவில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் இருக்கிறது. அவன் லேசாகத் தும்மினாலும் அத்தை கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். "பேசாம படுடா, பாட்டி எண்ணணும்" என்கிறார்.